எடித்தாவின் பதினெட்டுப் புள்ளி வட்டம்

அந்த ஊரில் எந்த பேனரை வேண்டுமானாலும் நிமிர்ந்து பாருங்கள். தேர்தலாகட்டும், திருவிழாவாகட்டும், நர்ஸ் பரீட்சை பாஸான பெண்ணுக்கு வாசலில் கட்டிய வாழ்த்தாகட்டும், மேலே வரிசையாக வட்ட வட்டமாய் முத்திரைகள் இருக்கும். நகராட்சிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, மாதா கோவிலுக்கு ஒன்று. வட்டமில்லாத பேனரை அங்கே நாய்கூடச் சீந்தாது. அத்தனை வட்டமும் சந்தைக்கு எதிரே இருந்த அச்சுக்கடையில் எடித்தா வெட்டியவை. பதினெட்டு வருஷமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

கசங்கிய லெட்டர்பேடைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். எடித்தா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முத்திரையின் ஓரத்தைச் சுற்றிப் பதினெட்டுப் புள்ளி வைத்து, வெளியே இருக்கும் வெள்ளையை எல்லாம் கழித்துவிடுவாள். கழித்த இடத்தில் திரையில் சாம்பலும் வெள்ளையுமாய்ச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். இங்கே ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு எந்த நிறத்தின் மேல் வைத்தாலும் வட்டம் மட்டுமே நிற்கும்.

ஒருமுறை பக்கத்து ஊர்க் கடைக்காரன் இணையத்தில் கிடைத்த போலிப் படம் ஒன்றை நம்பி ஏமாந்தான். அதில் கட்டங்களும் படத்தோடு ஒட்டிப்போயிருந்தன. மீனவர் சங்க பேனரில் முத்திரையைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அச்சாகி, ஊரே கைகொட்டிச் சிரித்தது. எடித்தா அந்தக் கதையைப் பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் கிளென்டா வந்து சேர்ந்தாள். செபு நகரத்தில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஜனவரியில் ஊர் திரும்பியவளுக்கு அதே கடையில் அடுத்த நாற்காலி கிடைத்தது. இருவரும் ஒரே வகுப்பு, 98ஆம் வருஷ செட். எடித்தாவின் மகனுக்கு ஞானத்தாயும் கிளென்டாதான். அந்த உறவில் ஒருவரையொருவர் 'மாரே' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். வாயில்தான் மாரே. எடித்தாவின் வயிற்றில் அடுப்பு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? கிளென்டா புள்ளியே வைப்பதில்லை. வட்டக் கருவியை எடுப்பாள், இழுப்பாள், விடுவாள். வேலை முடிந்தது.

"இன்னுமா புள்ளி வச்சிட்டிருக்கே மாரே? இழுத்து விட்டா அது பாட்டுக்கு வந்துட்டுப் போவுது."

"கோணலா எடுத்த போட்டோவுல ஏது மாரே முழு வட்டம்? உன் வட்டம் ஒரு பக்கம் ஓரத்தைத் தின்னுடும், பாத்துக்க."

தின்னத்தான் தின்றது. அதை எவன் பார்த்தான்? வருகிற கூட்டமெல்லாம் "கிளென்டா மனாங் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தது. எடித்தா மனாங், அதாவது எடித்தா அக்கா, கண்ணெதிரே மலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் 98 செட்டுக்கு இருபத்தைந்தாவது ஆண்டு. பழைய மாணவர் விழாவை நடத்தும் முறை அவர்களுடையது. ஊர்வலத்துக்கு எல்லோருக்கும் கத்திரிப்பூ நிறத்தில் சட்டை, முதுகில் பள்ளி முத்திரை. செட்டின் தலைவன் நெஸ்டர் கடைக்குள் வந்தான். எடித்தா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் அதைத் தாண்டிப் போய்க் கிளென்டா முன்னால் உட்கார்ந்தான்.

"டிசைன் நீதான் பண்ணணும். பகட்டா இருக்கணும்" என்றவன், திரும்பி, "கோச்சுக்காத எடித்தா. உனக்குத்தான் ஏற்கெனவே வேலை ஜாஸ்தியே" என்றான்.

அன்று மத்தியானம் வாங்கிய பட்சோய் நூடுல்ஸ் சூப்பை அவள் அப்படியே நாய்க்கு ஊற்றினாள். செட்டுக்கு எது அச்சடித்தாலும் இதுவரை அவள் கைதான் அடித்தது. இந்தச் சட்டையும் போய்விட்டால் அப்புறம் அவளுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது?

சாயங்காலம் கிளென்டா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். "மாரே, ஸ்கூல் முத்திரை உன்கிட்ட இருக்குமே, குடேன். நான் வெட்டினா ஓரத்துல வளையமா வரைஞ்சிருக்கற கயிறு அறுந்து போவுது."

வேறு நாளாயிருந்தால் எடித்தா அதைக் கேட்டுக் குளிர்ந்துபோயிருப்பாள். "இரு, தேடித் தர்றேன்" என்றாள்.

தேடவில்லை, செய்தாள். தன் வட்டத்துக்கு அடியில் சாம்பலும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்டு, இரண்டையும் ஒன்றாக ஒட்டினாள். சட்டைக்குப் போகிற டிசைனுக்குப் பின்னணி நிறம் கிடையாது. திரை முழுக்கக் கட்டமாகத்தான் தெரியும். அதில் இந்தப் பொய்க் கட்டத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்காகக் கட்டத்துக்குக் கட்டம் அளவு பார்த்து ஒரு மணி நேரம் மெனக்கெட்டாள். பாவி, இத்தனை அக்கறையாக அவள் எந்த நல்ல வேலையும் செய்ததில்லை.

"ஐயோ, என்ன சுத்தம்! உன் கை கைதான் மாரே" என்றாள் கிளென்டா. "நானும் உனக்கு ஒண்ணு பண்ணியிருக்கேன். விழா அன்னிக்குப் பாரு."

டிசைன் நகரத்து அச்சகத்துக்குப் போனது. சட்டை வர நான்கு நாள் இருந்தது. எடித்தா எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஊர்வலம் கிளம்பும் பிளாசா மைதானத்தில் கிளென்டாவின் முகம் போகப்போகிற போக்கை நினைத்து நினைத்து நான்கு நாளும் நன்றாகத் தூங்கினாள்.

விழாக் காலையில் பிளாசாவில் நெஸ்டர் மூட்டையைப் பிரித்தான். முதல் சட்டையை உதறினான். கத்திரிப்பூ முதுகின் நடுவே முத்திரை, அதைச் சுற்றிச் சதுரமாகச் சாம்பல் வெள்ளைக் கட்டங்கள்.

"என்னடா இது, சதுரங்கப் பலகையா?"

"நீ முன்னால குனிஞ்சு நட, நான் பின்னால காய் நகத்திட்டே வர்றேன்!"

"இரு இரு, கீழ ஏதோ எழுதியிருக்கு." ஒருத்தி சட்டையை இழுத்துப் படித்தாள். "முத்திரை வெட்டியது, எடித்தா, 98 செட்."

எடித்தா அந்தச் சட்டையைப் பிடுங்கித் தானும் படித்தாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு வட்டத்துக்குக் கீழேகூட அவள் பெயரை யாரும் போட்டதில்லை. இன்று அறுபத்திரண்டு முதுகில் போட்டிருந்தது. கிளென்டா பண்ணியிருந்தது அதுதான்.

"எடித்தா! இது உன் வேலையா?" என்றான் நெஸ்டர்.

கிளென்டா ஒரு சட்டையை வாங்கிக் கட்டங்களைத் தடவிப் பார்த்தாள். எடித்தாவை ஒரே ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "அவ மேல தப்பில்ல. அடியில ஒரு கலரை வச்சுப் பாத்திருக்கணும், நான்தான் பாக்காம அனுப்பிட்டேன்" என்றாள்.

"பாத்தியா, மத்தவங்க தப்பையும் தன் தலைல போட்டுக்கறா!"

"பெரிய மனசுப்பா. செபுல இருந்தவ இல்ல, அந்தப் பொறுப்பு."

எடித்தாவுக்கு உச்சந்தலை வரை காந்தியது. கண் நோக உட்கார்ந்து செய்த காரியம் அவளுடையது. அதிலும் நல்ல பேர் இவளுக்கா?

"நிறுத்துங்க எல்லாரும்!" என்று கத்தினாள். "அவளுக்கு இப்படிக் கட்டம் போடத் தெரியுமா? ஒரு மணி நேரம் உக்காந்து அளவு பாத்துப் போட்டவ நான்! வேணும்னேதான் போட்டேன். அதான் பேரு போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?"

நெஸ்டர் கையிலிருந்த சட்டையைக் கீழே இறக்கினான். தான் சொன்னது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

மேளக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். வேறு சட்டை இல்லாததால் எல்லோரும் அதையே மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போனார்கள். எடித்தாவும் மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் நிற்க இடம் காலியாக இருந்தது. கிளென்டா வந்து அங்கே நின்றாள். முன்னால் போகிறவனின் முதுகைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"கயிறு எங்கயும் அறுகல. வட்டம் சுத்தமாத்தான் இருக்கு, எடித்தா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எடித்தாவை மாரே என்று கூப்பிடவில்லை.