முட்டி உயரத்திலிருந்து போட வேண்டிய பந்து

என் அக்கா வீட்டுக்காரருக்கு வலது முட்டி போய்விட்டது. இதை எழுதினால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பமாகக் குன்றத்தூர் மலைக்குப் போனோம். அவர் மட்டும் படி ஏறவில்லை. கீழே நின்று எல்லார் செருப்புக்கும் காவல் காத்தார்.

"செருப்பு திருடு போவுது மச்சான். யாராவது பாத்துக்கணும்ல?"

டாக்டரிடம் வரச்சொல்லி அக்கா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். ஆள் அசையவில்லை. கடைசியில் நான் பந்தயம் கட்டினேன். நானும் அவரும் தாம்பரம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் ஞாயிறு காலையில் கோல்ஃப் ஆடுவோம். இந்த ஞாயிறு நான் ஜெயித்தால் திங்கட்கிழமை அவர் குரோம்பேட்டை டாக்டரிடம் வர வேண்டும். அவர் ஜெயித்தால், முட்டியைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஏனென்றால் நான் அவரை ஜெயித்ததே இல்லை.

முந்தின நாள் நல்ல மழை. தரையெல்லாம் களி. ஒன்பது குழி ஆட்டம். ஒரு குழியைக் குறைந்த அடியில் முடிப்பவருக்கு அந்தக் குழி. ஒவ்வொரு குழியிலும் முதல் அடிக்கு ஒரு சின்ன ஆணியைத் தரையில் குத்தி, அதன்மேல் பந்தை வைக்க வேண்டும். அவர் பந்தையும் நான்தான் வைப்பேன். "உன் கை ராசி மச்சான்" என்பார். நானும் பெருமையாக வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது, ராசியும் இல்லை ஒன்றும் இல்லை, மனிதரால் குனிய முடியவில்லை.

ஏழு குழி முடிந்தபோது நான் ஒரு குழி முன்னால். எட்டாவதில் என் பந்து மேலே போய் நேராகக் களியில் விழுந்து புதைந்தது. இதற்கு விதி தாராளம். அடித்த வேகத்தில் பந்து தன் பள்ளத்திலேயே புதைந்தால் அபராதம் கிடையாது. எடுத்துத் துடைத்து, பள்ளத்துக்குப் பின்னால் ஒரு மட்டை நீளத்துக்குள் கையிலிருந்து விட்டுவிட்டு ஆடலாம். நான் அடையாளம் வைத்தேன், பந்தை எடுத்தேன், துடைத்தேன். அதற்குள் என் குதிகால் தன்பாட்டுக்குப் பள்ளத்தை மிதித்து மூடிவிட்டது.

"போச்சு!" என்று கத்தினார். "பந்தைப் போடறதுக்கு முன்னாடி தரையைச் சரி பண்ணிட்ட. குழி எனக்கு!"

"சேத்துல பள்ளத்தைப் பாத்தா மூட வேணாமா மாமா? வயல்ல எங்கப்பா அப்படித்தான் செய்வாரு."

"உங்கப்பா கோல்ஃப் ஆடல மச்சான்."

எனக்கு எரிந்தது. ஆனால் விதி விதிதான். இரண்டு பேரும் சமம்.

ஒன்பதாவதில் நான் தடவித் தடவி ஐந்து அடியில் முடித்தேன். அவர் பந்து இரண்டாவது அடியிலேயே, குழி இருக்கும் பச்சைப் புல்தரைக்குப் பத்தடி முன்னால் விழுந்தது. விழுந்து புதைந்தது. எடுத்துப் போட்டு ஆடினால் மொத்தம் நாலே அடியில் முடித்துவிடுவார். பந்தயம் அவருக்கு.

"எடுத்துக் குடு மச்சான். அடுத்தவன் எடுக்கலாம், ரூல்ல கீது."

எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். இனி அவர் அதைத் தன் முட்டி உயரத்திலிருந்து விட வேண்டும். குனிந்தார். கை இடுப்புக்குக் கீழே கொஞ்சம் வந்து நின்றது. அங்கிருந்தே விட்டார்.

"முட்டி உயரம் மாமா."

"தெரியும்டா!"

பந்தை மறுபடி எடுத்துக் கொடுத்தேன். மட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். தொப்பை பாதி தடுத்தது, முட்டி மீதியைத் தடுத்தது. தொடையில் பாதி வரை கை வந்ததும் முகம் கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் போடட்டுமா?"

"ஆடறவன்தான் போடணும். தெரிஞ்சிகினே கேக்குறியா?"

"சரி, நீ எங்கேர்ந்து வேணா விடு. நான் திரும்பி நின்னுக்கிறேன். நான் பாக்கல."

"நான் பாப்பேனே."

மூன்றாவது தடவையும் குனிந்து பார்த்தார். முடியவில்லை. பந்தைக் கையில் உருட்டினார். ஓசியில் கிடைக்கிற கறிவேப்பிலையைக்கூட விடாத மனிதர். பந்தை என் சட்டைப் பையில் போட்டார்.

"குழி உன்னுது. ஆட்டமும் உன்னுது."

ஜெயித்தால் குதிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். குதிக்கவில்லை. இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் எங்களையெல்லாம் ஏமாற்றினாரே என்று கோபம்தான் வந்தது. "அறிவு இருக்கா மாமா உனக்கு?" என்று கேட்டேவிட்டேன். அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

காரில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஒளிக்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பத்து."

"ஒம்பதுக்கே போலாம். கூட்டம் வந்துடும்." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேசினார். "உங்க அக்காகிட்ட நீ ஜெயிச்சேன்னு சொல்லு. நான் வுட்டுக்குடுத்தேன்னு சொல்லாத."

அப்படியே சொன்னேன். "உன் ஆட்டம் எனக்குத் தெரியாதாடா?" என்றாள் அக்கா. பிறகு, டாக்டரிடம் காட்ட வேண்டிய அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளைத் தேட உள்ளே போனாள்.