எறும்பு அண்டாத டின்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நாங்கள் மலாயாவில், ஜொகூரில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போவோம். மூத்த மகள் அப்போதுதான் தத்தித் தத்தி நடை பழகிக்கொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்தால் அங்கே மழை பிடித்துக்கொள்ளும். மழை வந்தால் எறும்புக்கும் நம் வீடுதான் வீடு. சோற்றுப் பானை, சீனி டப்பா, பிள்ளையின் பால் கிண்ணம் என்று அது போகாத இடம் கிடையாது. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வைத்தாலும் எப்படியோ நீந்தி வந்துவிடும். எனக்கு அதனோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போய்விடும் போல இருந்தது.

சம்பளத்தன்று பழைய சாமான் விற்க ஒரு சீனர் சைக்கிளில் லயத்துக்கு வருவார். எல்லாரும் அவரைத் தவுக்கே என்போம். முதலாளி என்று அர்த்தம். அந்த ஓட்டைச் சைக்கிளைத் தவிர அவருக்கு வேறு சொத்து இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மாதம் அவர் கொண்டுவந்த சாமானில் இறுக்கமான மூடி போட்ட பெரிய டின் ஒன்று இருந்தது. வேறு யாரும் கை வைப்பதற்குள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன். உள்ளே மடிப்பு ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. சுண்ணாம்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்தை அதில் போட்டு மூடினேன். என்ன அதிசயம்! எறும்பு வரிசையையே காணோம். காலையில் மூடியைச் சுற்றிக் கொஞ்சம் செத்துக் கிடக்கும், அவ்வளவுதான். அதைக் கூட்டித் தள்ளும்போது எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

எங்கள் லயத்தில் அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பொங்குவதில்லை. கோயில் வாசலில் ஒரே பெரிய பானைதான். அரிசியும் வெல்லமும் எல்லா வீட்டிலிருந்தும் வரும். அந்த வருடம் வெல்லம் பூராவும் என் டின்னைத் தேடி வந்தது.

"எறும்பு அண்டாத டின்னாமே, எங்க பங்கும் அதுலயே இருக்கட்டும் புள்ள" என்று பக்கத்து வீட்டு அக்காவும் கொண்டுவந்து போட்டார்.

சாமிக்குப் படைக்கும் முன்னால் அந்த வெல்லத்தை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கையில் ஒட்டியதைக்கூட நக்காமல் கழுவிவிடுவோம். எங்களைக் காப்பாற்றியதில் பாதி அந்த வழக்கம்தான்.

பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம், தூறலில் நனைந்தபடி தவுக்கே வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு. சம்பள நாளும் இல்லை. சைக்கிளில் புது டின் இரண்டைத் தவிர வேறு சாமானும் இல்லை.

"அக்கா, அந்தப் பழைய டின் திருப்பிக் குடு. இந்தப் புதுசு ரெண்டும் நீ எடு. அது ராச்சுன், அக்கா, ராச்சுன்! லாலான் மருந்து டின்."

ராச்சுன் என்றால் விஷம் என்று எங்களுக்குத் தெரியும். லாலான் புல்லை அழிக்கத் தோட்டத்தில் அடிக்கும் மருந்தைப் பற்றியும் தெரியும். ஆனாலும் ஒருவரும் நம்பவில்லை. பழைய டின்னுக்குப் புது டின் ஒன்று கொடுத்திருந்தாலாவது நம்பியிருப்போமோ என்னவோ. இரண்டு கொடுத்ததுதான் வினையாகப் போயிற்று.

"ரெண்டு குடுக்குறான்னா சும்மாவா? அடியில அபின் கிபின் ஒளிச்சு வெச்சிருப்பான். குடுத்துடாத புள்ள" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. என் வீட்டுக்காரரும் மீசையை முறுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். தவுக்கே கெஞ்சக் கெஞ்ச எங்கள் சந்தேகம்தான் வளர்ந்தது.

அவர் வாயை அடைப்பதற்காக டின்னைத் தூக்கிவந்து வாசலில் வைத்து நானே மூடியைத் திறந்தேன். "பாரு தவுக்கே, எவ்ளோ நல்ல வெல்லம்!" என்றேன். அந்த நேரம் பார்த்து என் மகள் உள்ளே கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தவுக்கே பாய்ந்து பிள்ளையைப் பிடித்தார். வாய்க்குள் விரலை விட்டு வெல்லத்தைத் தோண்டி எடுத்தார். கூரையிலிருந்து கொட்டிய மழைத்தண்ணீரை ஏந்தி ஏந்தி அவள் வாயைக் கழுவினார். அவள் வீறிட்டாள். நானும் கத்தினேன். என் வீட்டுக்காரர் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அறை வாங்கியும் அவர் பிள்ளையை விடவில்லை.

"அங்க வேற தோட்டத்துல ஆடு செத்துச்சு, அக்கா. நான் வித்த டின்னுல தண்ணி குடிச்சு செத்துச்சு. பிள்ளை சாகக் கூடாது" என்று அவர் அழுதார்.

அழுகையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டின்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு அவரும் பின்னாலேயே வந்தார். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர், டின்னுக்குள் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்கவில்லை. மகளை வாந்தி எடுக்க வைத்தார். மாரியம்மா, மாரியம்மா என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அவள் பால் கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நல்ல செய்தி வரும்வரை வாசலிலேயே நின்ற தவுக்கே, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். அதே மாதிரி டின் வேறு தோட்டங்களிலும் விற்றிருக்கிறாராம். அந்த மழையில் இன்னும் எத்தனை வாசலில் போய்க் கெஞ்சினாரோ, எத்தனை பேர் கை நீட்டினார்களோ, தெரியாது.

டிரெஸர் சொன்னபடி வெல்லத்தையெல்லாம் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். டின்னையும் நசுக்கி அதிலேயே போட்டோம். மறுநாள் கோயில் பானையில் வெல்லமில்லாத பொங்கல்தான் பொங்கியது. யாரும் ஒரு குறை சொல்லவில்லை. அடுத்த சம்பளத்தன்று தவுக்கே வந்தபோது என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து, இலை போட்டுத் தானே பரிமாறினார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க மட்டும் இவரால் முடியவில்லை. தவுக்கே என் மகளைக் காட்டி, "பிள்ளை பாகுஸ்?" என்று கேட்டார். நல்லா இருக்காள் என்று தலையாட்டினேன். பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

அந்த மகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வீட்டுச் சீனி டப்பாவில் எறும்பு மொய்த்தால் அவள் முகம் சுளிப்பாள். எனக்கோ எறும்பு ஏறிய சீனியைப் பார்த்தால்தான் மனசு நிம்மதியாக இருக்கிறது; கூடவே, கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டும் என் பிள்ளையின் வாயைக் கழுவிய அந்த ஈரக் கைகளும் கண்ணுக்குள் வந்துவிடுகின்றன.