இரண்டு மணி நேர வெளிச்சம்

என் கண்ணாடியின் பவர் மைனஸ் ஒன்பது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். கூடத்தில் மங்கலாகத் தெரிந்த நான்கு சட்டைகளில் எது மாப்பிள்ளை என்று தெரியாமலேயே தலையை ஆட்டிவைத்தேன். நல்ல வேளை, நல்ல மனிதராக அமைந்துவிட்டார். அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

எனவே எங்கள் மகளுக்கு ஏழு வயதில் கண்ணாடி வந்தபோது சொந்தபந்தத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நான்தான் இடிந்துபோனேன். ஒன்றரை வருடத்தில் அவள் பவர் இரண்டிலிருந்து மூன்றரைக்கு ஏறியது. போன ஏப்ரலில் மதுரையில் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: "ஃபோனைக் குறைங்க. தினமும் ரெண்டு மணி நேரமாவது பகல் வெளிச்சத்துல வெளிய விளையாட விடுங்க. ஏறுற வேகம் குறையலாம். ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வெளிச்சத்துக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? நாங்கள் படுகிற பாடெல்லாம் வெயிலிலிருந்து தப்பிக்கத்தான். கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டி, பிள்ளைகளை ஃபேனுக்கு அடியில் போட்டு, நச்சரிக்காமல் இருக்கக் கையில் ஃபோனையும் கொடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். என் கண்ணைக் கொடுத்தது போதாதென்று ஃபோனையும் கொடுத்தேனே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மதுரையில் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். நுழைவுச்சீட்டு, ராட்டினம், ஐஸ்கிரீம், திரும்பும்போது ஓட்டல் சாப்பாடு. அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். எனக்கோ தினமும் இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது.

செலவில்லாத இடமாகப் பார்ப்போம் என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு அவளைக் கூட்டிப் போனேன். மணி பதினொன்று. வெளிச்சம் நன்றாகப் படட்டும் என்று தொப்பிகூடப் போடவில்லை. வெளியே விளையாடுவது என்றால் வெயிலில் நிற்பது என்றுதான் எனக்குப் பட்டது. வேறு மாதிரி யோசிக்கத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் பிள்ளைக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் இருக்கும் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "வெயில்ல காயப்போட இவ என்ன மிளகா வத்தலா? பொம்பளப் பிள்ள கறுத்துப் போனா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"கண்ணு போனா மட்டும் கட்டுவாகளா மதினி?" என்று நானும் கத்தினேன். கத்திக்கொண்டே இரண்டு பேரும் அவளுக்கு முகம் கழுவிவிட்டோம்.

ரத்தம் நின்றதும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெயில்ல நிக்கவே வேண்டாம்மா. மர நிழல்ல இருந்தாலே போதும். வீட்டுக்குள்ள இருக்கறத விட அங்க எவ்வளவோ வெளிச்சம்" என்றாள். எனக்கு அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது. நிழல் தேடுவது எங்கள் ஊரில் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லையே.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. திங்கள் முதல் சனி வரை காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருமுனை வேப்பமரத்தடி. ஞாயிற்றுக்கிழமைக்கு டவுன் பஸ். அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆகவே அந்த பஸ் எங்கே போகிறதோ அதுதான் எங்கள் சுற்றுலாத் தலம். திருச்சுழிக்குப் போனோம், காரியாபட்டிக்குப் போனோம். தூக்குவாளியில் புளிச்சோறு, இரண்டு பாட்டில் தண்ணீர், உட்கார கடையிலிருந்து ஒரு காலிச் சாக்கு, அவ்வளவுதான்.

கடைசியில் பரளச்சிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைப் புளியமரம் எங்களுக்கு வாய்த்தது. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த கரம்பை மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து வந்து மகள் நிழலில் வீடு கட்டுவாள். முதல் நாள் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வீட்டுக்கு வந்தீக?"

"யாரு வீட்டுக்கும் இல்லக்கா. இந்த மரத்தடிக்குத்தான் வந்தோம்."

"டவுன்ல இருந்து பஸ்ஸு ஏறி, இந்த மரத்தடிக்கா?" அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு விலகின. ஆனால் அடுத்த ஞாயிறு ஒரு குட்டியைத் தூக்கி வந்து மகளின் மடியில் விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குட்டியைப் பற்றித்தான் வாரம் முழுக்கப் பேச்சு. ஃபோன் எங்கே கிடக்கிறது என்றுகூட அவள் தேடவில்லை.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. காலாண்டு லீவில் மறுபடி மதுரைக்குப் போனோம். வீட்டுக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எங்கள் கல்யாண நாளுக்குக்கூடப் பூட்டாத கடை அது.

சோதனை செய்யும் பெண் எழுத்துப் பலகைக்கு எதிரே மகளை உட்கார வைத்தாள். முதல் இரண்டு வரிசையை மகள் படித்தாள். மூன்றாவதில் இழுத்தாள். நான்காவதில் "தெரியல" என்றாள். கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டும் தெரியல, தெரியல என்றே சொன்னாள். அலைந்த அலைச்சலெல்லாம் வீண், என் கண் அப்படியே அவளுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஏதோ சந்தேகம். "மெஷின் ஒண்ணு காட்டுது, பாப்பா ஒண்ணு சொல்லுது" என்று சொட்டு மருந்து விட்டு எங்களை உட்கார வைத்தாள். முக்கால் மணி நேரம். நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு டாக்டரம்மாவே வந்து கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். எதையோ எழுதினார், நிமிர்ந்தார்.

"பவர் அதேதான்மா. கொஞ்சங்கூட ஏறல."

எனக்குக் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் சொன்னார். பிறகு மகள் பக்கம் குனிந்து, "எல்லா எழுத்தும் உனக்குத் தெரியுதே. ஏன் தெரியலன்னு சொன்ன?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கண்ணு சரியா இருக்குன்னா நீ என்னைய பஸ்ஸுல கூட்டிட்டுப் போக மாட்டேல்ல?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரமாக என் உயிரை எடுத்ததற்கு முதுகில் இரண்டு வைக்கலாமா என்றிருந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. டாக்டரம்மா இருக்கிறார், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி.

"மரத்தடிக்குப் போறதுக்கு எதுக்குடி கண்ணு கெடணும்?" என்றேன். "சும்மாவே போவோம்."