ரோட்டில் நின்று கேட்கக் கூடாது

உக்கடத்தில் இருந்த என் காபிக் கடையின் பலகைத் தடுப்பை நான் பிடுங்கிப் போட்டது ஒரு கிராமபோனுக்காகத்தான். சீர்திருத்தம் செய்தவர் என்று மேடையில் மாலை போட வருகிறவர்களோடு எனக்குச் சண்டை. அதைச் செய்திருக்க வேண்டாம் என்று இன்னமும் முணுமுணுக்கிற சொந்தக்காரர்களோடு அதைவிடப் பெரிய சண்டை. இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். எனக்கும் வயதாகிறது, திரும்பத் திரும்பச் சொல்ல மூச்சு இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பொள்ளாச்சி ரோட்டுக்கு ஓரமாக அந்தக் கடையைப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன். படித்தவன் காபி ஆற்றுவதா என்று எங்கள் விவசாயக் காட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சமையலுக்கு ஒரு பாலக்காட்டு ஐயரைப் பிடித்து வந்தேன். அந்தக் காலத்துக் கடைகள் எல்லாவற்றையும் போல என் கடையும் மூன்றாகத்தான் இருந்தது. உள்ளே மேல்சாதிக்காரர்களுக்கு மேஜை போட்ட அறை. அதற்கு முன்னால் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் மற்றவர்களுக்கு ஆறு பெஞ்சு. பக்கவாட்டில் ரோட்டைப் பார்த்து ஒரு சன்னல். சேரிக்காரர்களுக்கு அந்தச் சன்னல் வழியாகத்தான் காபி. சன்னலுக்கு வெளியே ஆணிகளில் ஒன்பது தகர டம்ளர் தொங்கும். குடிக்கிறவரே எடுத்து, குடித்து, கழுவி, மாட்டிவிட்டுப் போக வேண்டும். அதை நான் ஏற்பாடு செய்ததாகக்கூட நினைத்ததில்லை. கடை என்றால் அடுப்பு இருக்கும், ஆணியும் இருக்கும்.

எதிர்ச்சாரியில் ஒருவர் சுவர் நிறையக் கண்ணாடி பதித்துப் புதுக் கடை திறந்தார். என் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. கோட்டைமேட்டில் கிராமபோனும் இசைத்தட்டும் விற்கிற ராவுத்தர் ஒருவர் என் கடைக்குத் தினமும் வருவார். அவர்தான் யோசனை சொன்னார்.

"கண்ணாடியில அவனவன் மூஞ்சியத்தான் பாக்கலாம் கவுண்டரே. அத எத்தன நாளைக்குப் பாப்பான்? பாட்டு வைங்க."

பழைய பெட்டி ஒன்றைச் சல்லிசாகக் கொடுத்தார். தட்டுகளை எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்து, வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்பது பேச்சு. அப்போதுதான் கடைக்குப் பாட்டுத் தேடுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரிந்தது.

முதலில் நாதஸ்வரம் வைத்தேன். தாராபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தோசையைப் பாதியில் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்றுவிட்டார். கெட்டிமேளம் முடியும் வரை உட்காரவில்லை. அடுத்து நாடகப் பாட்டு. சுடுகாட்டில் மகனைப் போட்டுக்கொண்டு தாய் புலம்புகிற தட்டு. கடை நிறைய ஆள், ஒருவரும் இன்னொரு காபி கேட்கவில்லை. இருவர் கண்ணைத் துடைத்தார்கள், ஒருவர் இட்லியைத் தள்ளி வைத்தார். பக்திப் பாட்டு வைத்தால் வாய்ப்பேச்சு நின்றுவிடுகிறது. பேச்சு நின்றால் பலகாரமும் நின்றுவிடுகிறது. நான் ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை டம்ளர் காபி போகிறது என்று எண்ணினேன். எண்ணுவது என் சுபாவம், ஐயர் அதற்கு என்னைக் கேலி செய்வார்.

"தட்டு சுத்தறதையும் எண்ணுங்கோ," என்பார் அடுப்படியிலிருந்து.

கடைசியில் ஒரு கிளாரினெட் தட்டு வாய்த்தது. வார்த்தை கிடையாது. ஆனந்தபைரவி, நிதானமான நடை. அது ஓடும்போது ஜனங்கள் பேசினார்கள், மென்றார்கள், ஆனால் எழுந்து போகவில்லை. பேச்சுக்கு நடுவில் தலை மட்டும் தானாக ஆடியது. இதுதான் என்று முடிவு செய்தேன். அதே மாதிரி இன்னும் பதினொன்று பொறுக்கினேன்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒன்று அச்சடித்திருந்தது. பொது இடத்தில் வாசிக்கக் கம்பெனி அனுமதி வேண்டும் என்று. ராவுத்தரிடம் காட்டினேன்.

"இத்தன வருசமா விக்கறேன், அதப் படிச்ச மொத ஆளு நீங்கதான்."

"படிச்சுப்போட்டேனுங்களே, இனி என்ன பண்றது?"

"கண்ண மூடிக்கங்க."

எனக்கு அது முடியவில்லை. ராத்தூக்கம் போயிற்று. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற வாடிக்கையாளருக்காக வாசிக்கலாம் என்று பதில் வந்தது. ராவுத்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊரிலேயே அனுமதி வாங்கிப் பாட்டுக் கேட்கிற ஒரே கடை இதுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லட்டும். இன்றைக்கும் எனக்கு அதில் வெட்கம் இல்லை.

கிளாரினெட் ஓடியது, எதிர்க்கடைக் கண்ணாடியில் ஈ உட்கார்ந்தது. ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. பாட்டு சன்னல் வழியாகவும் போனது. மாலையில் மில் விட்டு வருகிறவர்களும், தெருக் கூட்டிவிட்டுத் திரும்புகிறவர்களும், தோல் கிடங்கு ஆட்களும் சன்னலில் ஒரு காபி வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றார்கள். ஒன்பது டம்ளர்தான், ஆனால் நிற்கிற ஆள் முப்பது, நாற்பது. ஒரு சாயங்காலம் கிணத்துக்கடவிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த வண்டி இந்தக் கூட்டத்துக்கு ஒதுங்கப்போய்ச் சாக்கடையில் சக்கரத்தை விட்டுச் சாய்ந்தது. தேங்காய் குளத்துப் பக்கம் வரை உருண்டது. பாட்டுக் கேட்டவர்களேதான் பொறுக்கிக் கொடுத்தார்கள். வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரர் போய் முனிசிபாலிட்டியில் சொன்னார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்டவர் இல்லை. காபிகூடக் காசு கொடுத்துத்தான் குடிப்பார்.

"ஏனுங்க, பாட்டுக் கேக்கறவங்க கடைக்குள்ள இருக்கோணும். ரோட்டுல ஒருத்தர் நின்னாலும் இந்த வருசம் பாட்டுக்கும் லைசென்ஸ் இல்ல, கடைக்கும் இல்லீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நிக்கறவங்கள நான் எப்படீங்க தள்ளறது? ரோடு என்னுதுங்களா?"

"பாட்டு உங்களுதுங்களே."

பங்குனிக்குள் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பாட்டை நிறுத்தினால் எதிர்க்கடைக்கு நானே ஆளைக் கூட்டிக் கொடுத்ததாகும். நிறுத்தாவிட்டால் கடையே போகும். காட்டுக்குத் திரும்பிப் போய் அந்தச் சிரிப்பைக் கேட்பதைவிட எனக்கு வேறு பயம் கிடையாது.

பாட்டுப் பெட்டியின் குழலை உள்பக்கம் திருப்பி வைத்தேன். குழலுக்குள் துண்டைத் திணித்தேன். சத்தம் குறையக் குறைய ரோட்டில் நின்றவர்கள் சன்னலுக்கு நெருங்கி வந்தார்கள். முன்னால் ரோட்டில் நின்ற கூட்டம் இப்போது சுவரில் ஒட்டிக்கொண்டது.

என் தாய்மாமா ஒருவர், உள்ளறையில் மூலை மேஜை அவருக்கு என்றே வைத்திருந்தேன். காலையும் மாலையும் வருவார். மில்லில் பங்கு வைத்திருந்தவர், அவர் வந்தால் அவரோடு நாலு பேர் வருவார்கள். கிளாரினெட் தட்டு அவருக்கு உயிர்.

"இதுக்குப் போயி முளிச்சுட்டு இருக்கற? சன்னலச் சாத்திப்போடு. அவங்களுக்குக் காபி எதுக்கு, பாட்டு எதுக்கு?"

"மாமா, பாதி வியாபாரம் சன்னல்லதானுங்க."

"காசப் பாக்கறயா, மருவாதயப் பாக்கறயா?"

நான் சன்னல் பக்கம் போனேன். அங்கே தினமும் முதலில் வந்து முதல் ஆணி டம்ளரை எடுக்கிற ஆள் ஒருவர். தெருக் கூட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய்க்காரர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"ஏப்பா, குடிச்சதும் போயிரோணும். ரோட்டுல நின்னா என்ற கடைய மூடிருவாங்க."

"போறனுங்க சாமி. காபிக்குக் காசு வாங்கிப்போட்டீங்க. பாட்ட எங்க நின்னு கேக்கறதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க, அங்க போயி நிக்கறோம்."

"உள்ளதான் கேக்கோணும்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு."

"அப்பிடீங்களா? அப்ப உள்ளயே வாரனுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டம்ளரைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எதையும் எண்ணிப் பார்த்துவிடுகிற நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் கேட்டதற்குப் பதிலைத் தேடிப் பார்த்தேன். கடைக்குள் என்றுதான் கம்பெனி எழுதியிருக்கிறது. கடைக்குள் என்றுதான் இன்ஸ்பெக்டரும் சொல்கிறார். இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அதைச் செய்யவிடாமல் நிற்பது என் ஒன்பது ஆணியும் ஒரு பலகையும்தான். எனக்கு வந்தது கருணை இல்லை, கோபம். நான் ஒழுங்காக அனுமதி வாங்கி, ஒழுங்காக வரி கட்டி நடத்துகிற கடையை, எங்கிருந்தோ வந்த ஒரு பழைய பலகை மூடுவதா?

மறுநாள் விடிந்ததும் தச்சரைக் கூப்பிட்டுத் தடுப்பைக் கழற்றச் சொன்னேன். அந்தப் பலகையிலேயே நான்கு பெஞ்சு அடித்தார். ஆணிகளை நானே பிடுங்கினேன். தகர டம்ளரை அவ்வளவையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டேன். ஐயர் கரண்டியோடு வந்து பார்த்தார். அவர் போய்விடுவார் என்றுதான் எனக்குப் பெரிய பயம்.

"நான் அடுப்பப் பாத்துண்டு நிக்கறவன். முதுகுக்குப் பின்னால யார் உக்காந்தா எனக்கென்ன? சட்னி மட்டும் கூட அரைக்கணும், அதச் சொல்லுங்கோ."

அன்று சாயங்காலம் முதல் ஆணிக்காரர் வந்து, ஆணி இல்லாத சுவரைப் பார்த்தார். நான் வாசலில் நின்று உள்ளே கூப்பிட்டேன். முன்தின விளையாட்டுக்கு நான் பழிவாங்குவதாக நினைத்துவிட்டார்.

"வேண்டாமுங்க சாமி. ஒரு வாய் சொல்லிப்போட்டேன், விட்ருங்க."

"என்ற லைசென்ஸ் போயிருமுங்க. வந்து உக்காருங்க."

அவர் உள்ளே வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார். தரையில் குந்துவதைக் கம்பெனி எந்தக் கணக்கில் சேர்க்குமோ என்று எனக்குக் கவலை. பெஞ்சைத் தட்டிக் காட்டினேன். விளிம்பில் உட்கார்ந்தார், எந்நேரமும் எழுந்துவிடத் தயாராக. அவருக்குப் பின்னால் ஒருவர், பின் இருவர். நான் சாவி கொடுத்து ஊசியை வைத்தேன்.

அதே சமயத்தில்தான் மாமா உள்ளே வந்தார், நாலு பேரோடு. மூலை மேஜைக்குத் தடுப்பு இல்லை. நின்றபடியே பார்த்தார்.

"என்னடா இது?"

"லைசென்சுங்க மாமா. ரோட்டுல நிக்கக் கூடாதாமா."

"நான் உக்கார மாட்டேன்."

"உக்காராட்டி கேக்க முடியாதுங்க."

இப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. சொல்லிவிட்ட பிறகு திருப்பி எடுக்கவும் தோன்றவில்லை. அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நாலு பேரும் போனார்கள். அந்த வாரத்துக்குள் உள்ளறை வாடிக்கை முக்கால்வாசி போயிற்று. எங்கள் காட்டில் ஒரு கல்யாணத்துக்கு எனக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. ராவுத்தர் மட்டும் தன் ஆட்களைத் தினமும் கூட்டி வந்து உட்கார வைத்தார். "கண்ண மூடிக்கங்கன்னு சொன்னேன், நீங்க தொறந்துபோட்டீங்க," என்பார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ரோட்டில் ஒருவரும் இல்லை. கடைக்குள் பெஞ்சு பத்தும் நிறைந்திருந்தது. வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"நான் இதையாங்க சொன்னேன்?"

"இதத்தானுங்க சொன்னீங்க. ரோட்டுல யாராச்சும் நிக்கறாங்களான்னு பாருங்க."

ரோட்டைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். உட்கார இடம் தேடினார். முதல் ஆணிக்காரர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். அதில் உட்கார்ந்து, காபி குடித்து, காசு வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் சன்னலுக்கு வெளியே மாட்டுச் சலங்கை கேட்டு நின்றது. எட்டிப் பார்த்தேன். மாமாவின் சவாரி வண்டி. வண்டிக்குள் மாமா, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. உள்ளே ஆனந்தபைரவி ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே போனேன்.

"மாமா, ரோட்டுல நின்னு கேக்கக் கூடாதுங்க."

"நான் எங்கடா நிக்கறேன்? உக்காந்துதான இருக்கறேன்."

"வண்டி ரோட்டுல நிக்குதுங்க. உள்ள வாங்க, உங்க மூல அப்படியே இருக்குது."

"தட்டு முடியட்டும், போறேன்."

"முடியற வரைக்கும் விட முடியாதுங்க. எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தானுங்க."

அவர் வண்டியை நகர்த்தச் சொல்லவில்லை. நான் உள்ளே போய் ஊசியைத் தூக்கிவிட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதல் ஆணிக்காரர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, பாதீல நிறுத்திப்போட்டீங்க?"

"சித்த இருங்க."

வெளியே ஒன்றும் அசையவில்லை. நான் ஊசியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். காபி ஆறுகிறது என்று ஐயர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். பிறகு சலங்கை ஒரு தடவை குலுங்கியது, தொடர்ந்து குலுங்கியது, பொள்ளாச்சிப் பக்கமாகத் தேய்ந்தது. அது முழுக்க அடங்கும் வரை எண்ணினேன். பெட்டிக்குச் சாவி கொடுத்து, புது ஊசி மாற்றி, தட்டை முதலிலிருந்து வைத்தேன்.