அந்தப் பக்கம் எரிந்த விளக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் போர்ட் பிளேரில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. அம்மாவும் நானும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வந்த இரண்டாம் மாதமே இந்தி ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு ஒட்டவே இல்லை. ரேஷன் கடையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். குவார்ட்டர்ஸில் ஒரு பக்கம் தெலுங்குக்காரர்கள், மறுபக்கம் ராஞ்சிக்காரர்கள். யாராவது ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வரவர அந்தச் சிரிப்பும் குறைந்துகொண்டே வந்தது.

அந்த வருஷம் எங்களுக்குப் புதிதாக ஒரு டிராயிங் மிஸ் வந்தார். கல்கத்தாவில் படித்தவர், சின்ன வயசு. பள்ளிப் பொருட்காட்சிக்கு நான் ஒரு கப்பல் படம் வரைந்து வைத்திருந்தேன். அதைச் சுவரில் மாட்டச் சொல்வார் என்று காத்திருந்தால், "இந்த வருஷம் சுவரில் எதுவும் கிடையாது" என்றுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பதிலாக எங்களை வைத்து வேறொன்று செய்தார். மில்லில் கழித்துப்போட்ட பலகை இரண்டு. ஒவ்வொன்றிலும் பதினாறு டார்ச் பல்புகள், நாலு வரிசையாக. பல்புகளின் மேல் மிட்டாய்த் தாளைச் சுற்றினோம். கீழே, பல்புக்கு ஒன்றாக, பால்பவுடர் டின்னை வெட்டிச் செய்த சுவிட்சுகள். ஒரு பலகை எங்கள் வகுப்பில், இன்னொன்று வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்த அறையில். இரண்டுக்கும் நடுவே கூரையோரமாக வயர் இழுத்துக் கட்டினோம். இங்கே அழுத்தினால் அங்கே எரியும், அங்கே அழுத்தினால் இங்கே எரியும். கையை எடுத்தால் அணைந்துவிடும். இரண்டு அறையிலும் ஜன்னலுக்குத் திரை போட்டு இருட்டாக்கினோம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது யாரென்று தெரியக் கூடாது என்பதில் மிஸ் பிடிவாதமாக இருந்தார்.

"மிஸ், யே தோ கேல் ஹை" என்றேன். வெறும் விளையாட்டுதானே, படம் எங்கே?

"பாதியை நீ செய்வாய், மீதியை முகம் தெரியாத ஒருத்தர் செய்வார். இரண்டும் சேர்ந்தால் அதுதான் படம்" என்றார் இந்தியில். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கோபமும் போகவில்லை.

இன்று என் மகள் கணினியைத் திறந்து, எந்த நாட்டிலிருந்தும் யார் வேண்டுமானாலும் கை வைத்து மாற்றக்கூடிய படங்களைக் காட்டுகிறாள். இணையக் கலை என்கிறாள். அன்றைக்கு எங்கள் பலகைக்குப் பெயர் எதுவும் கிடையாது.

பொருட்காட்சிக்கு அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிப்போனேன். பலகை முன்னால் உட்காரவைத்ததும், "என்னடி செய்யணும்?" என்றாள்.

"சும்மா ஒண்ண அழுத்தும்மா."

ஓரத்தில் ஒன்றை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கள் பலகையில் அதே ஓரத்தில் சிவப்பாக ஒன்று எரிந்தது. அம்மா சட்டென்று கையை எடுத்தாள். அதுவும் அணைந்தது. பக்கத்து சுவிட்சை அழுத்தினாள். எங்கள் பலகையிலும் ஒன்று தள்ளி எரிந்தது.

"அட, பின்னாலேயே வருதுடி!"

அவ்வளவுதான். அம்மா ஓட, அந்த விளக்கு துரத்த, பிறகு அது ஓட, அம்மா துரத்த. நடுவில் அம்மா வேண்டுமென்றே சும்மா இருந்தாள். எதிர்ப்பக்கம் பொறுக்காமல் எல்லா விளக்கையும் தாறுமாறாக எரியவிட்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் "ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்திக் கத்தினார்கள். யாராவது குரலை உயர்த்தினால் ஒதுங்கி நிற்கிற என் அம்மா அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருவழியாக எழுந்ததும், "அது யாருன்னு பாக்கணும்" என்றாள்.

வராந்தாக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு அந்தக் கோடி அறைக்குப் போனோம். நாற்காலியில் ஒரு பையன் இருந்தான். சற்றுமுன் அங்கே உட்கார்ந்திருந்த பெண் எதிர்ப்பக்கம் யாரென்று பார்க்கப் போயிருக்கிறார் என்றான். திரும்பி ஓடிவந்தோம். எங்கள் அறை வாசலில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முன்னால் போய் நின்று, சுவிட்சை அழுத்துவது மாதிரி காற்றில் விரலை ஆட்டினாள். அந்தப் பெண் ஒரு கணம் விழித்துவிட்டு, அம்மாவின் தோளில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை மிரண்டு அழுதது.

அவள் ஊருக்கு வெளியே சௌல்தாரி கிராமத்தில் அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றப்பட்ட வங்காளக் குடும்பத்துப் பெண். அவளுக்கும் இந்தி அரைகுறைதான். அடுத்த வாரம் காய்கறி விற்க வந்த புருஷனோடு எங்கள் வீடு தேடி வந்தாள், கையில் ஒரு பூசணிக்காயோடு. அம்மா கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். குவார்ட்டர்ஸில் பலர் மூக்கைப் பொத்துகிற அந்தக் குழம்பை அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் தம்பி பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. சௌல்தாரியிலிருந்து அவள் வந்து, பச்சை உடம்புக்காரியான அம்மாவைத் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் அம்மாவுக்கு ஒரு பாஷை வந்திருந்தது. பாதி இந்தி, பாதி வங்காளம், கோபம் வந்தால் தமிழ்.

பொருட்காட்சி முடிந்த மறுநாள் மிஸ் வகுப்பில் ஒவ்வொருவரையும் எப்படி இருந்தது என்று கேட்டார். என் முறை வந்தபோது, "மிஸ், எங்க அம்மா சிரிச்சாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்துப் பெண் இந்தியில் எடுத்துச் சொன்னாள். மிஸ் என் தலையில் கையை வைத்துவிட்டு அடுத்தவளிடம் போனார்.

இரண்டு வருஷத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப ஜெட்டிக்குப் போன கூட்டத்தில் அம்மா என்னை முந்திக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தாள். "மிஸ், ஆப் ஹம்கோ தீதி தியா" என்றாள். நீங்கள் எனக்கு ஒரு அக்காவைக் கொடுத்தீர்கள். மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்ல நினைத்திருந்த நன்றியை அம்மாவே சொல்லிவிட்டதால், நான் மிஸ்ஸின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் படிவரை அவர் கூடவே நடந்தேன்.