பிரேக் இன்ஸ்பெக்டர் கையில் மாலை

பிள்ளைகளே, நீங்கள் ஓட்டுகிற வண்டிகளில் கண்ணாடி, இண்டிகேட்டர், பின் விளக்கு எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வருகின்றன. அதனால் இதெல்லாம் எதற்கு இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நான் வண்டி வாங்கிய அறுபதுகளில், பழைய மோட்டார் சைக்கிள் என்றால் ஒவ்வொன்றையும் நாமே தேடிப் பொருத்த வேண்டும். பிறகு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரிக்கு ஆபீஸில் வேறு பெயர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். அவர் சரி என்று சொன்னால்தான் வண்டியை ரோட்டில் ஓட்டலாம்.

அப்போது நான் திருச்சியில் ஆயில் என்ஜினும் பம்பும் விற்கிற ஒரு கடையில் மெக்கானிக்குக்கு உதவியாக இருந்தேன். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொடுப்பதுதான் பாதி வேலை. என்ஜினைப் பிரித்துப் பூட்ட எனக்குத் தெரியும், ஆனால் கடையில் அதற்குப் பெரிய மெக்கானிக் இருந்தார். வெளியூர் லைன் கிடைத்தால்தான் தனியாக வேலை செய்ய முடியும். லைன் என்றால், ஊர் ஊராகப் போய்க் கிணற்றடியிலேயே என்ஜினைச் சரிசெய்து கொடுப்பது.

உப்பிலியபுரம் லைன் காலியானது. பச்சைமலை அடிவாரம் வரைக்கும் தோட்டங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும், அதற்குள் பயிர் காய்ந்துவிடும். முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வண்டி வச்சிருக்கவனுக்குத்தான் அந்த லைன். திங்கக்கிழமை காலையில பாஸான வண்டியோட வந்து நின்னா உனக்கு. இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார், அவருக்கு."

வண்டியை அதற்குக் கொஞ்சம் முன்புதான் வாங்கியிருந்தேன். எடமலைப்பட்டி புதூரில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் மாட்டுக்கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். கிக்கரை உதைத்தால் கிளம்பும். அதைத் தவிர ஒன்றும் இல்லை. ஹாரன் இல்லை, பின் விளக்குக்குக் கண்ணாடி இல்லை, முன் பிரேக்குக் கம்பி அறுந்து கிடந்தது, சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அங்கிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். கூட உங்கள் மாமா சைக்கிளில் வந்தார்.

"ஏன் மாப்ளே, கிளம்புற வண்டிய யாராவது தள்ளுவாங்களா? ஏறி உக்காந்து ஓட்டுங்க" என்றார்.

ஒரே பிரேக்கோடு, சரியான விளக்கும் இல்லாமல் ஓட்டிப் போலீஸில் மாட்டினால் வண்டியே போய்விடும் என்றேன். பகலில் விளக்கு எதற்கு என்று கேட்டார். எதிரில் வருகிறவனுக்குப் பிரேக் வேண்டும்தானே, நமக்கும் வேண்டும் என்று ஏதோ சொன்னேன். சத்திரம் தாண்டியதும் ஒரு ஜட்காக்காரர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். "குதிரை வேணுமா சார், அவுத்துப் பூட்டித் தரவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காவிரிப் பாலத்தின் மேல் நான்கைந்து பேர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். உங்கள் மாமா எல்லோரிடமும், பெட்ரோல் இருக்கிறது, ஓட்டத்தான் மனசில்லை என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

வடக்கு வாசல் பக்கம் நாம் குடியிருந்த வீட்டு வாசலில் வைத்து வேலை பார்த்தேன். முதல் நாள் என்ஜினை ஓடவிட்டபோது தெருவே வெளியே வந்துவிட்டது. "இது வண்டியா, ரைஸ் மில்லா மாப்ளே? எதிர்வீட்டம்மா அரிசி எடுத்துக்கிட்டு வந்துரப் போறாங்க" என்றார் உங்கள் மாமா. சைலன்சருக்குப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்தேன், முன் பிரேக்குக்குப் புதுக் கம்பி போட்டேன். பழைய பாட்டரிக்கு எலக்ட்ரிக் ஹாரன் சரிப்படவில்லை. ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய ரப்பர் பந்து ஹாரனைக் கைப்பிடியில் மாட்டினேன், அதுவும் செல்லும் என்று விசாரித்துக்கொண்டேன். பின் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி பெரிய கடை வீதியில் கிடைத்தது. அந்த விளக்கு நம்பர் பலகையின் மேலும் விழ வேண்டும் என்பது சட்டம். அதற்காக விளக்கைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன்.

பின்னால் ஆள் உட்கார வேண்டுமானால் ஸீட்டை ஆடாமல் முடுக்கியிருக்க வேண்டும், கால் வைக்க இடம் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு, நான் எதைப் பிடிச்சுக்கிறது, என் புடவை எங்க போகும் என்று இரண்டே கேள்வி கேட்டாள். சட்டத்தில் இருந்ததோ இல்லையோ, ஒரு கைப்பிடியும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கம்பித் தடுப்பும் வைத்தேன்.

சனிக்கிழமை சோதனை. வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு வரலாம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் உங்கள் அம்மா தாயார் சன்னதிக்குப் போய் வந்துவிட்டாள். சாத்திக் களைந்த மாலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. சம்பங்கியும் துளசியும் வைத்து வாழைநாரில் தொடுத்த நீளமான மாலை. முன் விளக்குக்கும் பின் விளக்குக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையைக் கைப்பிடியில் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தாள். நல்ல காரியத்துக்கு வலது பக்கம் என்று வலது கைப்பிடியில். பாலத்துக் காற்றில் விழுந்துவிடக் கூடாது என்று முடிச்சு மேல் முடிச்சு.

நானும் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வழியில் கால் பிரேக்கை மட்டும் போட்டுக்கொண்டு போனேன். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கிப் போட்டுவிடும் என்று மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்லுகிற காலம் அது.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மைதானத்தில் லாரியும் காரும் வரிசையாக நின்றன. என் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. அதிகம் பேசவில்லை. ஹாரனை அமுக்கச் சொன்னார், அமுக்கினேன். தூரத்தில் ஒரு வண்டி மாடு திரும்பிப் பார்த்தது. கைச் சைகை காட்டச் சொன்னார். வலது பக்கம் திரும்ப வலது கையை நீட்டினேன், வேகத்தைக் குறைப்பதற்குக் கையை மேலும் கீழும் ஆட்டினேன். தலையாட்டினார். முன் விளக்கைப் போட்டதும் குனிந்து பார்த்தார்.

"வெளிச்சம் ரோட்டுக்கா, சந்தனத்துக்கா?"

வேட்டி நுனியால் துடைத்தேன். பின்னால் போய்ப் பார்த்து, அங்கேயும் துடைங்க என்றார். துடைத்ததும் சிவப்பும் தெரிந்தது, நம்பரும் தெரிந்தது.

பிறகு ஒரு கல்லைக் காட்டி, வேகமாக வந்து அந்தக் கல்லுக்கு நேரே முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும் என்றார். தானும் அந்தக் கல்லின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் சுற்றிக்கொண்டு வந்து, கல் வந்ததும் பிடித்தேன். வலது கைப்பிடியில் இருந்த பிரேக் லீவர் பாதிக்கு மேல் வரவில்லை. பூவும் நாரும் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சேர்ந்து கட்டையாக நின்றன. வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் ஒதுங்கிக்கொண்டார். கால் பிரேக்கைப் போட்டு நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

"முன் பிரேக் இல்ல. சரிபண்ணிட்டு அடுத்த சோதனைக்கு வாங்க."

அடுத்த சோதனை திங்கட்கிழமைக்கு ரொம்பப் பின்னால். ஓடிப்போய், பிரேக் இருக்கு சார், மாலைதான் தடுக்குது என்று சொன்னேன். அவர் வந்து லீவரைப் பிடித்துப் பார்த்தார். நசுங்கிய துளசியை விரலில் எடுத்து மோந்தார்.

"கழட்டுங்க. ஒரு தடவதான் பாப்பேன்."

முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். மாலை கைக்கு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. தாயாருக்குச் சாத்திய மாலை, தரையில் போட முடியாது. ஸீட்டில் வைத்தால் அதன் மேல் உட்கார வேண்டும், பின் ஸீட்டில் வைத்தால் ஓட்டத்தில் கீழே விழும். கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டினால் மறுபடியும் கைப்பிடியில் வந்து விழும். பக்கத்தில் இருந்த லாரிக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "டயருக்குப் போடுங்க அண்ணே, அதுதான ஓடுது" என்றான் ஒருவன். நான் மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைப் பைக்குள் செருகினார். எழுதுகிற அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு லாரியில் இருந்த தண்ணீர் டின்னைச் சாய்த்து இரண்டு கையையும் கழுவினார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து நீட்டினார்.

"குடுங்க. எங்க கோயில்லயும் கீழ போட மாட்டோம்."

மாலையை அவர் கைகளில் வைத்தேன். அவர் அதை இரண்டு முன்கைகளிலும் தாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லின் பக்கத்தில் போய் நின்றார். கையெழுத்துப் போட வேண்டியவர் கையில் மாலை இருக்க, அவரை நோக்கி நான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். கல்லுக்கு நேரே பிடித்தேன். வண்டி முன்பக்கம் அமுங்கி, நின்றது. அவர் இந்தத் தடவை ஒதுங்கவில்லை.

மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அட்டையில் எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்: "வீட்ல சொல்லுங்க. சாமி கும்பிடுறது நிக்கிற வண்டிக்கு. ஓடுற வண்டிக்கு லீவரும் விளக்கும் சும்மா இருக்கணும்."

திரும்பும்போது மாலையை சட்டைக்குள், மார்போடு வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா முதலில் மாலையைத்தான் தேடினாள். நடந்ததைச் சொன்னேன். நான் மாலை கட்டினதால இன்னிக்கு லைன் போயிருக்குமே என்றாள். போகவில்லையே என்றேன். கசங்கின பூவையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய்த் துளசிச் செடியின் அடியில் போட்டாள். அந்த இன்ஸ்பெக்டருக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஹாரனை அவரே இரண்டு தடவை அமுக்கினார். பிறகு சாமான் பையை எடுத்து என்னிடம் கொடுத்து, முதலில் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னார்.

அந்த லைனில்தான் உங்களை வளர்த்தேன். நான் கிளம்புகிற ஒவ்வொரு காலையும் உங்கள் அம்மா வாசலுக்கு வந்து முன் பிரேக் லீவரைத் தன் கையால் ஒரு தடவை முழுக்கப் பிடித்து விட்டுத்தான் போயிட்டு வாங்க என்பாள். அவள் வண்டியோடு விளையாடுகிறாள் என்று நீங்கள் சின்ன வயதில் சிரித்திருக்கிறீர்கள். உங்கள் வண்டிக்கு நீங்கள் ஆயுத பூஜை செய்தால், மாலையை எங்கே கட்டுவது, எப்போது கழற்றுவது என்று அவளிடமே கேளுங்கள்.