ஃபைபர் ஆதிகேசவனின் முதுகு

புத்தலப்பட்டில் ஆதிகேசவன் முப்பது வருடம் ஃபைபர் பட்டறை நடத்தினார். தண்ணீர்த் தொட்டி, திருஷ்டி முகம், பள்ளி ஆண்டுவிழாவுக்கு டைனோசர், எது கேட்டாலும் மோல்டு எடுத்து வார்த்துக் கொடுப்பார்.

சித்தூர்ப் பாறைகளை வேற்றுக் கிரகமாக்க ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டு கூன் விழுந்த ஜந்து ஒன்று வேண்டும் என்றார்கள். ஆதிகேசவன் யாரையும் தேடிப் போகவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளாமலிருக்க முதுகில் வாஸ்லின் பூசிக் குனிந்துகொண்டார். மகள் வஸுமதிதான் முதுகில் பிளாஸ்டர் அப்பினாள். இடது பக்கம் ஒன்பதாவது எலும்பு கோணல். எப்போதோ சாரத்திலிருந்து விழுந்து முறிந்தது.

படம் வெளிவரவில்லை. டிரெய்லரில் ஆறு விநாடி முதுகு வந்தது. திருப்பதியில் இரண்டு குழந்தைகள் பயந்து அழுததாகத் தகவல்.

அடுத்த வருடம் கோவர்த்தனன் என்ற சிற்பி வந்தார். மூலையில் கிடந்த அதே முதுகைப் பார்த்து மானுட வெறுமை என்றார். ஆனால் சினிமாத்தனம் மட்டும் கூடாதாம். ஆதிகேசவன் அதே மோல்டில் இன்னொன்று வார்த்து, பாலிஷ் போடாமல், தலைகீழாகக் கம்பியில் மாட்டிக் கொடுத்தார்.

"சினிமாக்காரனுக்குப் பளபளன்னு இருக்கணும், இவருக்குச் சொரசொரன்னு இருக்கணும்," என்றார் மகளிடம். "ரெண்டு பேருக்கும் ஒரே முதுகத்தான் காட்டிக்கினு கீறேன்."

மார்ச்சில் அவர் இறந்தார். நுரையீரல் முழுக்கக் கண்ணாடி இழைத்தூளும் ரெசினும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வஸுமதிக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனை வேலை. காரியம் முடிந்த மறுநாளே போய்விட்டாள்.

ஜூலையில் ஒரு கல்யாண வரவேற்புக்காகத் திருப்பதி ஹோட்டலுக்குப் போனவள் வாசல் கூடத்திலேயே நின்றுவிட்டாள். அங்கே நடந்த சிற்பக் கண்காட்சியில் அவள் நைனா ஆதிகேசவனின் முதுகு தலைகீழாகத் தொங்கியது. அட்டையில் 'தலைப்பில்லை – 7, கோவர்த்தனன்' என்று இருந்தது. கண்காட்சிக் கையேடு அந்தக் கோணல் எலும்பை நாகரிகத்தின் முறிவு என்றது. சாரக் கயிற்றைச் சரியாகக் கட்டாததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அங்கேயே இருந்த கோவர்த்தனனிடம், அட்டையில் அப்பா பெயரைச் சேர்க்கச் சொன்னாள். பட்டறைக்காரர்கள் பெயரைப் போடும் வழக்கமில்லை என்றார் சிற்பி.

"செஞ்சவரு பேரக் கேக்கல சார். இது யாரு முதுகுன்னு போடுங்க."

அவர் ஆதாரம் கேட்டார். மறுநாள் அப்பாவின் கடைசி மார்பு எக்ஸ்ரேயை எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அளவுகோல் வைத்துக் காட்டினாள். முதுகெலும்பிலிருந்து முறிவு வரை ஒன்பது சென்டிமீட்டர். சிலையில் ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஃபைபர் காயும்போது சுருங்கும் என்று விளக்கினாள்.

கோவர்த்தனனுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் விளக்கு வைத்து இதையும் பக்கத்தில் மாட்டலாமா என்று கேட்டார். வஸுமதி எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டாள். பெயர் போடுவதற்கு மட்டும் அவர் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது புது அட்டை தொங்கியது.

'தலைப்பில்லை – 7. சிற்பி: கோவர்த்தனன். பொருள்கள்: கண்ணாடி இழை, ரெசின், இரும்புக் கம்பி, ஆதிகேசவன்.'

திருத்தச் சொல்ல வாயெடுத்தவள் இன்னொரு முறை படித்தாள். இரும்புக் கம்பி ஒன்றைத் தவிர, டாக்டர் எழுதிக் கொடுத்ததும் இதேதான். பிழை எதுவும் அகப்படவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.